தீவிர பூஞ்சைத் தொற்று: நோயாளியின் குடும்பத்தார் கேட்கும் கேள்விகள்

ரத்தப் புற்றுநோய் வார்டிலோ ஐசியூவிலோ இருப்பவரைக் காட்டி, "ஃபங்கஸ் இருக்குமோ என்று சந்தேகம், மருந்து ஆரம்பிக்கிறோம்" என்று டாக்டர் சொன்னதும் குடும்பத்தாருக்கு எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். உங்கள் நோயாளிக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் ஏன் தயங்குகிறார், ஏன் அவசரப்படுகிறார் என்பது புரிய இந்தப் பக்கம் உதவலாம்.

பூஞ்சை என்றால் படர்தாமரை, பொடுகு. அது எப்படி உயிருக்கே ஆபத்தாகும்?

படர்தாமரை தோலின் மேலடுக்கோடு நின்றுவிடும். இங்கே பேச்சு ரத்தத்துக்கும் நுரையீரலுக்கும் மூளைக்கும் போய்விடும் பூஞ்சைகளைப் பற்றியது. நான்கு பெயர் தெரிந்தால் டாக்டர்கள் பேசுவதில் பாதி விளங்கிவிடும். கேண்டிடா நம் வாயிலும் குடலிலும் சும்மா குடியிருப்பது. ரத்தத்தில் இறங்கினால்தான் வம்பு. ஆஸ்பெர்ஜில்லஸ் மட்கும் இலைதழைகளில் வளர்ந்து காற்றில் வித்துகளைப் பரப்பும்; முதலில் நுரையீரலைப் பிடிக்கும். கிரிப்டோகாக்கஸ் மண்ணிலும் பறவை எச்சத்திலும் இருப்பது. மூளையைச் சுற்றிய சவ்வைத் தாக்கும். மியூகர் வகைதான் 2021-ல் கோவிட் இரண்டாம் அலையின்போது 'கறுப்புப் பூஞ்சை' என்ற பெயரில் எல்லோருக்கும் அறிமுகமானது.

2024-ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுக்குச் சுமார் 65 லட்சம் பேருக்குத் தீவிர பூஞ்சைத் தொற்று வருகிறது. அதில் சுமார் 25 லட்சம் மரணங்களுக்குப் பூஞ்சையே நேரடிக் காரணம். இவ்வளவு இருந்தும், கவனிக்க வேண்டிய 19 பூஞ்சைகளின் முதல் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது 2022 அக்டோபரில்தான்.

வித்துகள் காற்றில் இருக்கின்றன என்றால் நமக்கெல்லாம் ஏன் வருவதில்லை?

தினமும் நூற்றுக்கணக்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் வித்துகளைச் சுவாசிக்கிறோம். இரண்டு, மூன்று மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுதான் என்பதால் நுரையீரலின் அடிவரை போய்விடும். அங்கே காவல் செல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. தப்பி முளைவிடுபவற்றை நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் கவனித்துக்கொள்கின்றன. நம் உடல் சூடும் ஒரு பாதுகாப்பு. பெரும்பாலான பூஞ்சைகள் 37 டிகிரியில் வளர முடியாதவை. ஆயிரக்கணக்கான பூஞ்சை ரகங்களைச் சோதித்து 2009-ல் வெளியான ஆய்வில், 30 முதல் 40 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் ஏறக்குறைய 6% ரகங்கள் கழன்றுகொண்டன.

ஆகவே தீவிரத் தொற்று வருகிறது என்றால் எங்கோ வேலி உடைந்திருக்கிறது. எந்த இடத்தில் உடைந்தது என்று பார்த்தால் எது நுழையும் என்று ஓரளவு ஊகிக்கலாம். கீமோதெரபியால் நியூட்ரோபில் தரைமட்டத்துக்குப் போனால் ஆஸ்பெர்ஜில்லஸ். எச்ஐவியால் சிடி4 என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்கள் குறைந்தால் கிரிப்டோகாக்கஸ். கழுத்து நரம்பில் நாள்கணக்கில் குழாய், வயிற்றில் அறுவை சிகிச்சை, கூடவே பலமான ஆன்டிபயாடிக் என்றால் கேண்டிடா. கட்டுப்பாடில்லாத சர்க்கரை, அதோடு ஸ்டீராய்டு என்றால் மியூகர்.

பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கு ஒட்டிக்கொள்ளுமா?

ஆஸ்பெர்ஜில்லஸ், மியூகர், கிரிப்டோகாக்கஸ் மூன்றும் ஒட்டாது. தாராளமாகக் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். கேண்டிடா ஆரிஸ் மட்டும் விதிவிலக்கு. அதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

பாக்டீரியாவுக்கு இத்தனை ஆன்டிபயாடிக் இருக்க, பூஞ்சைக்கு மட்டும் ஏன் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மருந்து?

பூஞ்சை நமக்குச் சொந்தக்காரன் என்பதால். விளையாட்டாகச் சொல்லவில்லை. உயிரின வரிசையில் பூஞ்சைகள் செடிகொடிகளைவிட விலங்குகளுக்குத்தான் நெருக்கம். நம் செல்லில் இருக்கும் உட்கரு, புரத இயந்திரங்கள் எல்லாம் அதனிடமும் உண்டு. அதைக் கொல்லும் விஷம் நம்மையும் கொல்லப் பார்க்கும். எனவே ஆராய்ச்சியாளர்கள் தேடுவதெல்லாம் அதனிடம் இருந்து நம்மிடம் இல்லாத ஏதாவது ஒன்றை.

அப்படிக் கிடைத்தவை கொஞ்சம்தான். நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் பூஞ்சைக்கு எர்கோஸ்டெரால் இருக்கிறது. வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950-களில் பிரித்தெடுத்த ஆம்ஃபோடெரிசின் பி அந்த எர்கோஸ்டெராலைத்தான் குறிவைக்கிறது. சவ்வில் ஓட்டை போடுகிறது என்றே பல காலம் பாடம் நடத்தினார்கள். பஞ்சு தண்ணீரை இழுப்பதுபோல எர்கோஸ்டெராலை உறிஞ்சி எடுப்பதுதான் முக்கிய வேலை என்று 2014-ல் ஓர் ஆய்வு காட்டியது. சிக்கல் என்னவென்றால் அந்தப் பஞ்சு நம் கொலஸ்ட்ராலையும் கொஞ்சம் உறிஞ்சும். சிறுநீரகம் அடிபடுவது, மருந்து ஏறும்போது நடுக்கமும் காய்ச்சலும் வருவது எல்லாம் இந்த மருந்தின் பழைய கதை. கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த லைப்போசோமல் வடிவம் வந்தபிறகு தொல்லை கணிசமாகக் குறைந்தது.

எர்கோஸ்டெரால் உற்பத்தியையே தடுப்பவை அசோல் மருந்துகள்: ஃபுளுகோனசோல், வோரிகோனசோல், போசாகோனசோல், இசாவுகோனசோல். பூஞ்சையின் செல்சுவரை உடைப்பவை காஸ்போஃபங்கின், மைக்காஃபங்கின் வகையறா. நமக்குச் செல்சுவரே கிடையாது என்பதால் இவை நமக்கு அதிகம் தொந்தரவு தருவதில்லை. நான்காவது ஃபுளுசைட்டோசின். 1957-ல் புற்றுநோய்க்கென்று செய்யப்பட்டு, அதற்கு உதவாமல் போய், பிறகு பூஞ்சைக்கு உதவிய மருந்து. தீவிரத் தொற்றுக்கான முக்கியக் குடும்பங்கள் இவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் இவ்வளவு டெஸ்ட் எடுக்கிறார்கள். ஆனாலும் "இருக்கலாம்" என்றுதான் சொல்கிறார்கள். ஏன் உறுதியாகச் சொல்ல முடியவில்லை?

இந்தத் துறையின் நிஜமான தலைவலி இதுதான். மருந்துப் பஞ்சத்தைவிட இதுதான் அதிக உயிர்களை வாங்குகிறது என்பது என் எண்ணம்.

ரத்த கல்ச்சரை எடுத்துக்கொள்ளுங்கள். கையிலிருந்து எடுத்த ரத்தம் ஊட்டக் கரைசல் உள்ள பாட்டிலில் போய், உடல் சூட்டில் வைக்கப்பட்ட இயந்திரத்துக்குள் நுழைகிறது. கிருமி வளர்ந்து கரியமில வாயுவை விட்டால் இயந்திரம் மணி அடிக்கும். கேண்டிடா என்றால் இதற்கே ஒன்று முதல் மூன்று நாள் ஆகலாம். பிறகு ஒரு துளியை எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தால் கருநீல முட்டைகள், சிலவற்றின் ஓரத்தில் ஒரு மொட்டு. ஈஸ்ட் என்பது தெரிந்துவிட்டது; எந்த ஈஸ்ட்? அதைச் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) கலந்து 37 டிகிரியில் இரண்டு, மூன்று மணி நேரம் வைத்தால், கேண்டிடா அல்பிகன்ஸாக இருந்தால், முளைவிட்ட பயறுபோல வால் நீட்டியிருக்கும். எவ்வளவோ நவீனக் கருவிகள் வந்தபிறகும் இந்தக் காட்சிக்கு இணை இல்லை. ஆனால் இதெல்லாம் பாட்டிலில் கிருமி வளர்ந்தால்தான். உடலுக்குள் கேண்டிடா பரவியிருந்தும், ஏறக்குறைய பாதிப் பேரின் கல்ச்சரில் எதுவும் வளராது.

ஆஸ்பெர்ஜில்லஸ் ரத்த கல்ச்சரில் அநேகமாக வளரவே வளராது. அதனால் சிடி ஸ்கேனில் நுரையீரல் நிழலைப் பார்ப்பார்கள். ரத்தத்திலும் நுரையீரல் கழுவிய நீரிலும் கேலக்டோமன்னன் என்ற சர்க்கரைப் பொருளைத் தேடுவார்கள். பீட்டா டி குளூக்கான் டெஸ்ட் பல பூஞ்சைகளுக்குப் பொது. "இல்லை" என்று வந்தால் ஐசியூவில் அது ஓரளவு ஆறுதல். "உண்டு" என்று வந்தால் வேறு காரணங்களும் இருக்கலாம். மியூகர் இந்த இரண்டு டெஸ்டிலும் சிக்காது.

ஆகவேதான் மூக்கிலிருந்தோ நுரையீரலிலிருந்தோ ஒரு துண்டுச் சதை எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். குடும்பத்தார் பயந்து மறுப்பதுண்டு. ரத்தம் உறையும் நிலை சரியில்லாத நோயாளி என்றால் டாக்டரே தயங்குவார். முடிகிற நிலை என்றால் அந்தத் துண்டு விலைமதிப்பில்லாதது. காரக் கரைசலில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிறிது நேரத்திலேயே விடை தெரியும். அகலமான நாடாபோலச் சுருண்டு, குறுக்குச்சுவர் இல்லாமல், ஏறக்குறைய செங்கோணத்தில் கிளைவிட்டால் மியூகர். மெல்லிய இழை, ஒழுங்கான குறுக்குச்சுவர், கவட்டைபோல 45 டிகிரியில் பிரிந்தால் ஆஸ்பெர்ஜில்லஸாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆஸ்பெர்ஜில்லஸை அடக்கும் வோரிகோனசோல் மியூகரை ஒன்றும் செய்யாது. அதற்கு ஆம்ஃபோடெரிசினும் அறுவை சிகிச்சையும் வேண்டும். கோணம் மாறினால் சிகிச்சையே மாறுகிறது.

அப்படியானால் சந்தேகம் வந்த உடனே மருந்து போட்டுவிடலாமே?

இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது. ரத்தத்தில் கேண்டிடா வந்து ஃபுளுகோனசோல் பெற்ற 230 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2006-ல் வெளியான ஆய்வில், கல்ச்சர் எடுத்த அன்றே மருந்து தொடங்கியவர்களில் 15% பேர் இறந்தார்கள். ஒரு நாள் தாமதித்தால் 24%, இரண்டு நாள் என்றால் 37%. இதைப் படித்தவர் யாரும் காத்திருக்கத் துணியமாட்டார்.

சரி, சந்தேகப்பட்ட எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். பிரான்சின் ஐசியூக்களில், காரணம் தெரியாத தொற்று அறிகுறிகளோடு உடலின் பல இடங்களில் கேண்டிடா குடியிருந்த 260 பேரில் பாதிப் பேருக்கு மைக்காஃபங்கினும் பாதிப் பேருக்கு வெற்று மருந்தும் கொடுத்தார்கள். 2016-ல் முடிவு வந்தது. 28-ஆம் நாளில் தீவிர பூஞ்சைத் தொற்று இல்லாமல் உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 68%, அடுத்ததில் 60%. புள்ளியியல்படி அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுதான்.

அதாவது, நோய் உள்ளவருக்கு ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. நோய் இல்லாதவருக்குக் கொடுத்துப் பெரிய பயனில்லை. யார் உள்ளவர், யார் இல்லாதவர் என்பதுதான் தெரியவில்லை! டாக்டர் இன்று தொடங்கி, நான்கு நாள் கழித்து ரிசல்ட் பார்த்து நிறுத்தினால், தவறான மருந்து கொடுத்துவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். தொடங்குவதும் நிறுத்துவதும் ஒரே முடிவின் இரு பாதிகள்.

நோய் வருமுன்னே மருந்து கொடுத்துத் தடுக்க முடியாதா?

யாருக்கு வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் முடியும். கடும் ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்து, வெள்ளை அணுக்கள் வாரக்கணக்கில் அடிமட்டத்தில் இருப்பவர்கள் அப்படிப்பட்டவர்கள். 2007-ல் வெளியான பெரிய ஆய்வில், சுமார் 600 பேரில் ஒரு பாதிக்குப் போசாகோனசோல், மறுபாதிக்கு ஃபுளுகோனசோல் அல்லது இட்ராகோனசோல் கொடுத்தார்கள். தீவிரத் தொற்று வந்தது முன்னவரில் 2%, பின்னவரில் 8%. ஏறக்குறைய 17 பேருக்குக் கொடுத்தால் ஒருவரைக் காப்பாற்றலாம் என்ற கணக்கு. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் ஃபுளுகோனசோல் தடுப்பு 1990-களிலிருந்தே வழக்கத்தில் இருக்கிறது.

ஆபத்து குறைந்தவர்களுக்கும் இதையே நீட்டினால் ஒருவரைக் காப்பாற்ற நூற்றுக்கணக்கானோர் மருந்து விழுங்க வேண்டியிருக்கும். பக்கவிளைவும் மருந்துக்குப் பணியாத பூஞ்சைகளும்தான் மிச்சம்.

மருந்தில்லாத் தடுப்பும் உண்டு. மஜ்ஜை மாற்று வார்டில் காற்றை ஹெப்பா வடிகட்டி வழியே விடுகிறார்கள், 0.3 மைக்ரான் துகள்களில் 99.97%-ஐ அது பிடிக்கும். அறைக்குள் காற்றழுத்தம் சற்றுக் கூடுதல் என்பதால் வராந்தாக் காற்று உள்ளே வராது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாதீர்கள் என்று நர்ஸ் கடிந்துகொள்வது இதனால்தான். ஆஸ்பத்திரியில் எங்காவது சுவர் இடிக்கிறார்கள் என்றால் அந்தத் தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் பறக்கும். அந்தப் பக்கமாக நோயாளியை அழைத்துப் போக வேண்டாம்.

ஆராய்ச்சி உண்மையிலேயே சிகிச்சையை மாற்றியதற்கு ஓர் உதாரணம்?

கிரிப்டோகாக்கஸ் மூளைச்சவ்வுக் காய்ச்சல். பழைய முறையில் நரம்பு வழியாக ஆம்ஃபோடெரிசின் ஒரு வாரம், இரண்டு வாரம் தினமும் ஏறும். சிறுநீரகம் கெடும், ரத்தம் குறையும், தினமும் ரத்தப் பரிசோதனை வேண்டும். வசதி குறைந்த ஆஸ்பத்திரிகளில் இதுவே பெரும்பாடு.

போட்ஸ்வானா, மலாவி, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 844 பேரைச் சேர்த்து நடந்த ஆய்வில், லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசினை எடையில் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் ஒரே ஒருமுறை ஏற்றிவிட்டு, இரண்டு வாரம் ஃபுளுசைட்டோசினும் ஃபுளுகோனசோலும் மாத்திரையாகக் கொடுத்தார்கள். பத்து வாரத்தில் இறந்தவர்கள் புதிய முறையில் 24.8%, ஏழு நாள் ஊசி பெற்றவர்களில் 28.7%. கடுமையான பக்கவிளைவும் புதிய முறையில் குறைவு. 2022 மார்ச்சில் முடிவு வெளியானது. அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. புது மருந்து எதுவும் இதில் இல்லை. இருந்ததைக் கொடுக்கும் விதம் மட்டும் மாறியது.

இதே நோயில் நேர்மாறான பாடமும் உண்டு. எச்ஐவியும் உள்ள இந்த நோயாளிக்கு எச்ஐவி மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும். 2014-ல் வெளியான ஆய்வில், மூளைச்சவ்வுக் காய்ச்சல் என்று கண்டறிந்த இரண்டு வாரத்துக்குள் அதைத் தொடங்கியவர்களில் ஆறு மாதம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 55%. ஐந்து வாரம் பொறுத்துத் தொடங்கியவர்களில் 70%. சோதித்துப் பார்க்காமல் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

கேண்டிடா ஆரிஸ் என்று வார்டில் கேள்விப்பட்டோம். அது என்ன புதிதாக?

2009-ல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்த மாதிரியில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. சில ஆண்டுகளில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மரபுக் கிளைகளாக தெற்காசியா, தென்னாப்பிரிக்கா, தென்னமெரிக்கா என்று ஏறக்குறைய ஒரே சமயத்தில் தலைகாட்டியது. பூமி சூடாவதால் அது 37 டிகிரிக்குப் பழகிவிட்டதோ என்று ஒரு கருதுகோள் இருக்கிறது, நிரூபணமாகவில்லை.

மற்ற கேண்டிடா குடலில் இருக்கும். இது தோலில் குடியேறி, கட்டில் கம்பியிலும் பிபி பட்டையிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வழக்கமான சில கிருமிநாசினிகளுக்கு அடங்காது. குளோரின் கலந்தவை வேண்டும். பெரும்பாலான ரகங்கள் ஃபுளுகோனசோலுக்கு மசிவதில்லை. ஆகவே தனி அறை, கையுறை, மேலங்கி. தோலில் மட்டும் இருந்து நோய் இல்லை என்றால் பூஞ்சை மருந்து கொடுக்கமாட்டார்கள். "கிருமி இருக்கிறது என்கிறார்கள், மருந்து தரமாட்டேன் என்கிறார்கள்" என்று கோபம் வருவது இயல்பு. ஆனால் அதுதான் சரியான முடிவு.

மருந்து எடுக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

வோரிகோனசோல் எடுத்த சற்று நேரத்தில் வெளிச்சம் கூசலாம், நிறம் மாறித் தெரியலாம். பெரும்பாலும் தானே சரியாகும். வெயில் ஆகாது. அதன் அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டும், ஒரே மாத்திரை ஒருவருக்குக் குறைவாகவும் இன்னொருவருக்கு விஷ அளவிலும் நிற்பதுண்டு. உறுப்பு மாற்று நோயாளிகள் எடுக்கும் டாக்ரோலிமஸின் அளவை அசோல் மருந்துகள் கிடுகிடுவென ஏற்றிவிடும். அசோலைத் தொடங்கும்போது மட்டுமல்ல, நிறுத்தும்போதும் டாக்ரோலிமஸ் அளவை மாற்ற வேண்டும். இதை மறந்துவிடுகிறார்கள். நீங்களே ஞாபகப்படுத்தினால் தப்பில்லை.

ட்ரையலில், அதாவது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில், சேரச் சொல்கிறார்கள். எங்களவரைச் சோதனை எலி ஆக்குகிறார்களா?

சிகிச்சை ட்ரையல்களில் பொதுவாக எந்தப் பக்கம் விழுந்தாலும் மருந்து உண்டு. ஒரு பக்கம் இப்போதைய சிறந்த மருந்து, மறுபக்கம் புதியது. 2002-ல் வோரிகோனசோல் அப்படித்தான் பழைய ஆம்ஃபோடெரிசினோடு மோதி, 12 வாரத்தில் 71% பேர் உயிரோடிருக்க, எதிரணியில் 58% என்று ஜெயித்தது. இப்போது பல ட்ரையல்கள் "பழையதைவிட மோசமில்லை" என்று நிரூபிப்பதையே இலக்காக வைக்கின்றன. கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் அதே பலனைக் குறைந்த பக்கவிளைவோடு தரும் மருந்து நோயாளிக்கு லாபம்தான்.

இந்தத் துறையில் ட்ரையல் நடத்துவது பெரிய சிரமம். நோயாளிகள் குறைவு, இறந்தவர் பூஞ்சையால் இறந்தாரா புற்றுநோயால் இறந்தாரா என்று பிரிப்பது கடினம். அதனால் "உறுதி", "பெரும்பாலும்", "இருக்கலாம்" என்று நோயை மூன்று தட்டாகப் பிரித்துச் சேர்க்கிறார்கள். கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒப்பிடும் மருந்து எது, கூடுதலாக எத்தனை ரத்தப் பரிசோதனை, பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா. மூன்றாவதற்கு "தொடரும்" என்ற பதில் வந்தே ஆக வேண்டும்.

புதிதாக என்ன வருகிறது?

வாரம் ஒருமுறை ஏற்றினால் போதும் என்ற ரெசாஃபங்கின் 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஃபோஸ்மனோஜெபிக்ஸ், ஒலோரோஃபிம் இரண்டும் இதுவரை யாரும் தொடாத இலக்குகளைத் தாக்குபவை. மனிதர்களிடம் சோதனையில் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி, முந்தைய பத்தாண்டுகளில் முக்கியக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் அனுமதி பெற்ற புதிய பூஞ்சை மருந்துகள் நான்கே நான்கு.

வயலில் பயிர்களுக்குத் தெளிக்கும் பூஞ்சைக்கொல்லிகளிலும் அசோல்கள் உண்டு. அதனால் மருந்தையே பார்த்திராத நோயாளியின் நுரையீரலுக்குள் வோரிகோனசோலுக்கு மசியாத ஆஸ்பெர்ஜில்லஸ் நுழைவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. ஒலோரோஃபிம் போலவே செயல்படும் ஒரு பயிர் மருந்தும் தயாராகி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வருமுன்பே மருந்து தேய்ந்துபோய்விடுமோ என்ற கவலை வீண் கவலை இல்லை.

தடுப்பூசி?

மனிதர்களுக்கு அனுமதி பெற்றது ஒன்றுகூட இல்லை. எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்குத்தான் இந்த நோய் வருகிறது. தடுப்பூசி வேலை செய்யவோ எதிர்ப்புச் சக்தி வேண்டும். கீமோவுக்கு முன்பே, மாற்று அறுவை சிகிச்சைக்கான வரிசையில் காத்திருக்கும்போதே போட்டுவிடலாமா என்று யோசிக்கிறார்கள்.

வீடு திரும்பிய பிறகு?

டாக்டர் சொல்லும் வரை தோட்டத்து மண்ணைக் கிளறுவது, மட்கிய உரத்தில் கை வைப்பது, வீட்டில் இடிப்பு வேலை நடக்கும்போது அங்கேயே இருப்பது வேண்டாம். சர்க்கரை உள்ளவர் என்றால் அதைக் கட்டுக்குள் வைப்பது எந்தப் பூஞ்சை மருந்துக்கும் குறைந்ததல்ல. கன்னத்தில் ஒருபக்க வலி, மூக்கில் கறுப்பாக ஏதாவது வருவது, கண்ணைச் சுற்றி வீக்கம், விடாத தலைவலி, இருமலில் ரத்தம் இவற்றில் எது வந்தாலும் மறுநாள் ஓபிக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். போனதும், முன்பு எந்தப் பூஞ்சை மருந்து, எத்தனை நாள் எடுத்தார் என்ற சீட்டை முதலில் நீட்டுங்கள். பணியில் இருக்கும் டாக்டர் புதியவராக இருக்கலாம்.